மோடத்துக்குப் போயா லீவு

கிட்ட வந்து இருங்கோ. கதவோரம் இருந்தால் கொழும்பு-காலி வீதி பஸ்காரன் அடிக்கிற ஹோர்னில் பாதிக் கதை பறந்து போய்விடும். அங்காலை இருக்கிற பிள்ளையும் போனைக் கவிழ்த்து வைச்சிட்டு வாரும். இது இன்டர்நெட்டைப் பற்றின கதைதான், ஆனால் இன்டர்நெட்டில் வராது.

வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் நாலு மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. முதலாம் மாடியில் நாகேந்திரத்தாரும் அவருடைய மனிசி நாகேஸ்வரியும். நாகேந்திரத்தார் ஒரு திணைக்களத்தில் நிருவாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தத் திணைக்களம் என்று கேட்காதையுங்கோ. நீங்கள் விடியப் போய்க் காத்திருந்து, உங்கள் முறை வருகிற நேரம் பார்த்துச் சாப்பாட்டு நேரம் என்று யன்னலைச் சாத்தின திணைக்களம் எதுவோ, அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கோ.

ஓய்வுபெற்ற நாளிலிருந்து மனிசனுக்கு ஒரு வருத்தம். எதையாவது மறுக்காவிட்டால் கை நடுங்கும். விடிய எழும்பினவுடன் மீன்காரனை மறுப்பார். பிறகு பேப்பர்காரனோடு மல்லுக்கு நிற்பார். நாகேஸ்வரி தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தால், "வைச்சிட்டுப் போம், பரிசீலிப்பம்" என்பார். தேத்தண்ணி ஆறிப்போகும். கை நடுக்கம் நிற்கும். டொக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்தையும் மறுத்தார், கொஞ்சம் சுகமாக இருந்தது.

இப்படி இருக்கிற காலத்தில் கட்டடத்துக்கு முன்னால் ஒரு பெரிய தொடர்மாடி எழும்பியது. கடற்காற்று போனது. அதோடு போன் சிக்னலும் போனது. காற்றில்லாமல் இருந்து பழகிவிட்ட சனம், சிக்னல் இல்லாமல் இருக்க மாட்டோம் என்றது. எல்லாருமாகக் கூடிப் பேசி, கம்பிவழி வருகிற இன்டர்நெட் லைன் ஒன்று எடுப்பதாகத் தீர்மானித்தார்கள். கட்டடத்துக்குள் வயர் இழுக்க இருந்ததோ ஒரே ஒரு குழாய். அது போய் முடிகிற இடம் நாகேந்திரத்தாருடைய ஹோல். ஆகவே மோடம் அவர் வீட்டில் இருக்கும், மற்ற மாடிகளுக்கு ஆளுக்கொரு குட்டிப் பெட்டி பூட்டி லைனைப் பகிர்ந்து கொள்வது என்று முடிவானது. சனம் செய்த பிழை அதுதான். ஒரு மனிசனைப் பென்ஷனில் அனுப்பினால், அவர் வீட்டுக்குள் பொதுச்சேவை எதையும் கொண்டுபோய் வைக்கக் கூடாது.

சித்திரை வருசம் கழிந்த கையோடு லைன் பூட்ட ஆள் வந்தார். ரிம்ஸான் என்று பேர், தெமட்டகொடைக்காரர். பூட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"சரி சேர். இனி இருபத்திநாலு மணித்தியாலமும் லைன் ஈக்கும்."

"இருபத்திநாலு மணித்தியாலமும் இருக்குமோ?"

"ஓ சேர்."

"தேத்தண்ணி நேரம்?"

"ஈக்கும் சேர்."

"சனி, ஞாயிறு?"

"எப்பவும் ஈக்கும்."

"இதுக்கு மேலதிகாரி ஆர்?"

ரிம்ஸான் மோடத்தைப் பார்த்தார். அது பச்சை லைட்டைச் சிமிட்டியது. "மேலதிகாரி ஒத்தரும் இல்ல சேர். பெட்டிதானே."

நாகேந்திரத்தார் கதிரையில் இருந்துவிட்டார். தன்னுடைய சேவைக் காலம் முழுவதிலும், ஒருத்தரையும் காக்க வைக்காமல், ஒரு கையெழுத்தும் கேட்காமல், கேட்டவுடன் கேட்டதை எடுத்துக் கொடுக்கிற ஒன்றை அவர் கண்டதில்லை.

"தம்பி, இது ஒழுக்கக்கேடு."

"சேர்?"

"எந்த நேரமும் கடமையிலை நிக்கிற ஊழியனை நான் நம்பமாட்டன். களவெடுக்கிறவன்தான் லீவு எடாமல் வேலைக்கு வருவான். இதை ஒரு கட்டுப்பாட்டுக்குள்ளை கொண்டர வழி இல்லையோ?"

ரிம்ஸான் பாவம். வந்த வேலை முடிந்தால் காணும் என்று, நாகேந்திரத்தாருடைய பழைய லெப்டொப்பில் மோடத்தின் பக்கத்தைத் திறந்து காட்டினார். அதில் மூன்று தெரிவு இருந்தது. எப்பவும் தொடர்பில் இரு. ஆராவது கேட்டால் தொடர்பு எடு. கையால் அழுத்தினால் மட்டும் தொடர்பு எடு.

"மூணாவத ஒத்தரும் போடுறல்ல சேர். லைன் தேவைண்டா ஒவ்வொரு முறையும் ஒராள் ஒக்காந்து அமத்தோணும்."

"ஒராள் இருந்து அமத்த வேணுமோ?" நாகேந்திரத்தாருடைய கை நடுக்கம் அந்த இடத்தில் நின்றது. "அதைப் போடும்."

அந்தப் பக்கத்துக்கு ஒரு கடவுச்சொல்லும் போட்டார். ரிம்ஸானைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் போட்டார். நாகேஸ்வரியைக் குசினிக்குப் போகச் சொன்னார்.

அடுத்த நாள் ஹோலில் சாப்பாட்டு மேசை குறுக்கே வந்தது. மேசையில் லெப்டொப், ஒரு மணி, ஒரு கண்ணாடித் தம்ளர், அதற்கு ஒரு மூடி. வாசலில் பலகை. கடமை நேரம் காலை எட்டரை தொடக்கம் மாலை நாலேகால் வரை. இடையில் தேத்தண்ணி, மதியம் சாப்பாடு, பின்னேரம் இன்னொரு தேத்தண்ணி. லைன் தேவையானவர்கள் நேரில் வந்து காரணத்தைச் சொல்ல வேண்டும். காரணம் பொதுமக்கள் நலனுக்குப் பாதகமில்லாதது என்று திருப்தி ஏற்படுமிடத்து, உரிய அதிகாரி பொத்தானை அமத்துவார்.

முதல் ஆளாக வந்தவர் மேல்மாடி ஸாலிஹ் ஹாஜியார். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறவர்.

"சேர், கொஞ்சம் லைன் தாங்க. சரக்கு வெல பாக்கோணும்."

"நீங்கள் ஆர்?"

"அல்லாஹ்வே! நான்தான் சேர், ஸாலிஹ். ஒங்கட தலைக்கு மேல ஈக்கிற."

"அதுக்கு அத்தாட்சி?"

"என்னத் தெரியாதா சேர்? போன பெருநாளைக்கு வட்டிலப்பம் தின்னீங்களே?"

"தனிப்பட்ட முறையிலை தெரியும் ஹாஜியார். வட்டிலப்பமும் நல்லாயிருந்தது. ஆனால் உத்தியோகபூர்வமாய் உங்களைத் தெரியாது. கிராம உத்தியோகத்தரிட்டை ஒரு வதிவிடக் கடிதம் எடுத்துக்கொண்டு வாங்கோ."

என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? ஸாலிஹ் ஹாஜியார் மேசையைப் பிரட்டினார் என்றா? இல்லை. போய்க் கடிதம் எடுத்துக்கொண்டு வந்தார். எங்களுக்குப் பாருங்கோ, மேசைக்கு அந்தப் பக்கம் ஒராள் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தால் காணும். இந்தப் பக்கம் எங்களுக்குத் தானாகவே முதுகு வளையும். கடிதம் கொடுத்ததோடு நிற்காமல் ஹாஜியார் இன்னொன்றும் கேட்டார்.

"சேர், எங்கட புது பிரிட்ஜுக்கும் லைன் வேணும்."

"பிரிட்ஜ் இன்டர்நெட்டிலை என்ன பார்க்கப் போகுது?"

"எனக்கும் தெரியா சேர். இப்ப எல்லாரும் அந்த மாதிரித்தான் வாங்குறாங்க. லைன் இல்லாட்டி ஒரு சிவப்பு லைட் பத்துது. வாற சொந்தக்காரர் எல்லாம் பாத்திட்டு, என்ன ஹாஜியார் யாவாரம் சரியில்லையா எண்டு கேக்கிறாங்க."

நாகேந்திரத்தார் யோசித்தார். "பிரிட்ஜ் நேரிலை வர வேணும்" என்றார். பிறகு, பாரத்தை முன்னிட்டு அந்த நிபந்தனையைத் தளர்த்தினார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை.

ஒரு மாதம் போக, அவருக்கு டிஜிட்டல் பிடித்தது. அந்த நேரம் எல்லா அரசாங்கக் கந்தோரிலும் அந்தக் காய்ச்சல் இருந்தது. வாசலில் ஒரு கட்டம் கட்டமான கியூஆர் படத்தை ஒட்டினார். லைன் கேட்டு வருகிறவர்கள் இனிமேல் முதலில் அதைப் போனில் ஸ்கேன் பண்ணித் தங்கள் பேரைப் பதிய வேண்டும். ஹாஜியாருடைய மனிசி லுத்பியா போனை நீட்டி நீட்டிப் பார்த்தா.

"அங்கிள், இது ஸ்கேன் ஆகுதில்ல. லைன் இல்லயாம்."

"லைன் இல்லாதபடியாலைதானே வந்தனீங்கள்?"

"ஓ அங்கிள். ஆனா லைன் இல்லாம இதப் பதியவும் ஏலாதே."

"பதியாமல் லைன் தரவும் ஏலாதே பிள்ளை."

"அப்ப என்ன செய்ற?"

"அதுக்குத்தான் ஒவ்வொரு புதன்கிழமையும் விசேட சேவை. அண்டைக்குப் பழையபடி கையால் பதியலாம்."

"இண்டக்கி என்ன கெழம?"

"வியாழன்" என்றார் நாகேந்திரத்தார், மிகுந்த அனுதாபத்தோடு.

அதற்குப் பிறகு லீவு வந்தது. அவருக்கில்லை, மோடத்துக்கு. அரசாங்க சேவையில் இருக்கிற எவரும் லீவு நாளில் வேலை செய்யக் கூடாது என்பது அவருடைய கொள்கை. சனி, ஞாயிறு பூட்டு. மாதத்துக்கு ஒருக்கால் முழுநிலாவுக்கு வருகிற போயாவுக்கும் பூட்டு. எங்கள் நாட்டில் எல்லாச் சமயத்துக்கும் லீவு உண்டுதானே? அந்த மோடம் வெசாக்குக்கு வெள்ளை உடுத்து விரதம் இருந்து சில் எடுத்தது, ஹஜ் பெருநாளைக்குத் தொழப் போனது, தீபாவளிக்கு எண்ணெய் வைத்து முழுகியது. சமய நல்லிணக்கத்துக்கு அப்படி ஒரு உதாரணத்தைக் கொழும்பு மாநகரம் அதற்கு முன் கண்டதில்லை.

இதெல்லாம் சிரிப்புத்தான். சிரிக்காத ஆள் ஒன்று அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது.

நாகேஸ்வரிக்கும் நாகேந்திரத்தாருக்கும் ஒரே மகள், மிதுனா. கனடாவில் டொரொன்டோவில் இருக்கிறாள். கலியாணம் கட்டிக் கனகாலம் பிள்ளை இல்லாமல், கோயில்களில் வைக்காத நேர்த்தி இல்லாமல் இருந்து, கார்த்திகையில் ஒரு பெட்டைக் குஞ்சு பிறந்தது. பேறு பார்க்கத் தாய் போக வேண்டும். நாகேஸ்வரி விசாவுக்குப் போட்டா. அங்கேயும் ஒரு மேசை, அங்கேயும் ஒரு கண்ணாடிக்காரர். விசா வரவில்லை. பிள்ளை வந்துவிட்டது.

மகள் அனுப்பின டெப்லெட் ஒன்று நாகேஸ்வரியிடம் இருந்தது. சிம் போட இடமில்லாதது, வீட்டு லைனில் மட்டும் வேலை செய்வது. ஆனால் இங்கே கந்தோர் திறக்கிற நேரம் அங்கே மிதுனா படுக்கப் போவாள். அங்கே அவள் எழும்ப, இங்கே கந்தோர் பூட்டியிருக்கும். இடையில் பிள்ளை வீரிட்டு அழுது அவள் எழும்புகிற ஒரு நேரம் இருந்தது. அது இங்கே மத்தியானம். மோடம் சாப்பிடப் போயிருக்கும். நாகேஸ்வரி பேத்தியை ஒரு படத்தில் மட்டும் கண்டிருந்தா. அதிலும் துவாய்தான் கூடத் தெரிந்தது, முகம் கொஞ்சம்.

கடவுச்சொல் தெரிந்தால் தானே அமத்திவிடலாம் என்று, மனிசன் குளிக்கப் போன நேரங்களில் அவ முயற்சி செய்யாமலும் இல்லை. கலியாண நாளை அடித்துப் பார்த்தா. இல்லை. மிதுனா பிறந்த நாளை அடித்தா. அதுவும் இல்லை. தன்னுடைய பிறந்த நாளை அடிக்க யோசித்து, அவருக்கு அது தெரியாதே என்று விட்டுவிட்டா.

டிசம்பர் பிறந்தது. மிதுனா செய்தி அனுப்பினாள். பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் வருகிறது, துடக்குக் கழிவு, ஐயர் வருகிறார், பேர் வைக்கிறோம், அம்மா அனுப்பின பஞ்சாயுதச் சங்கிலியைக் கழுத்தில் போடப் போகிறோம். அங்கே வேலை நாள் என்றபடியால் பின்னேரம் வைத்திருக்கிறோம், இங்கே கொழும்பில் அடுத்த நாள் விடியும் நேரம். அம்மா நீங்கள் லைனில் வந்துதான் பேரைக் காதில் சொல்ல வேணும்.

நாகேஸ்வரி கலண்டரைப் பார்த்தா. அந்த நாளில் முழுநிலா வட்டமாக இருந்தது. போயா.

"இஞ்சருங்கோ, அண்டைக்கு ஒரு நாள் விடிய லைனைத் திறவுங்கோவன். பிள்ளைக்குப் பேர் சொல்ல வேணும்."

"போயாவிலையோ? உமக்கென்ன விசரோ?"

"எங்கடை பேரப்பிள்ளையப்பா!"

"அதுதான் பிரச்சினை. சொந்தப் பேரப்பிள்ளை. வேறை ஆற்றையும் பேரப்பிள்ளையெண்டால் மனிதாபிமான அடிப்படையிலை பரிசீலிக்கலாம். என்ரை சேவைக் காலத்திலை ஒரு சொந்தக்காரனுக்கும் நான் ஒரு உதவியும் செய்ததில்லை. கேட்டுப் பாரும்."

கேட்டுப் பார்க்கத் தேவையில்லை. சொந்தக்காரர் எல்லாரும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

அன்று பின்னேரம் நாகேஸ்வரி மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போடப் போனா. அங்கே லுத்பியா நின்றா. நாகேஸ்வரி சொன்னதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது அவவுக்கு.

"அன்ட்டி, அங்கிளுக்கிட்ட நான் பெய்த்து, அது எங்கட பேரப்புள்ள எண்டு செல்லவா?"

"வதிவிடக் கடிதம் கேப்பார் பிள்ளை."

"இந்தக் கந்தோர்க்காரங்க எல்லாம் ஒரே மாதிரித்தான். நேத்து எங்கட மச்சான்ட வேலைக்கி நான் ஒரு கந்தோருக்குப் போன. ஒத்தரும் இல்ல. கதிரை மட்டும் ஈக்கி. கேட்டா, டிசம்பர் தானே, மிச்சம் ஈக்கிற லீவெல்லாம் கழிஞ்சிடும் எண்டு எல்லாரும் எடுத்திட்டுப் பெய்த்தாம். ஒரு கெழவன் மட்டும் நிண்டு எல்லார்ட வேலையும் பாக்கிறான். பதில் கடமையாம். நல்ல மனிசன், என்ட வேலைய அப்பவே முடிச்சித் தந்த."

நாகேஸ்வரியின் கையிலிருந்த சாறம் கொடியில் ஏறாமல் நின்றது.

"என்ன அன்ட்டி?"

"ஒண்டுமில்லை பிள்ளை. கிளிப்பைத் தாரும்."

அன்று இரவுச் சாப்பாட்டோடு, சொதி ஊற்றிக்கொண்டே அவ மெதுவாகக் கேட்டா. "உங்கடை லீவு எல்லாம் என்ன மாதிரியப்பா?"

"என்ன லீவு?"

"கெசுவல் லீவு. சித்திரையிலையிருந்து ஒரு நாளும் எடுக்கேல்லை. வருசம் முடியுது. கழிஞ்சு போகுமெல்லோ?"

நாகேந்திரத்தார் இடியப்பத்தை வைத்துவிட்டார்.

ஓய்வுபெற்ற மனிசனுக்கு எல்லாம் இருக்கிறது பாருங்கோ. பென்ஷன் இருக்கிறது, நேரம் இருக்கிறது, சாய்மனைக் கதிரை இருக்கிறது. லீவு மட்டும் இல்லை. வேலை இருந்தால்தானே லீவு வரும்? இத்தனை வருசமும் டிசம்பர் வரும்போதெல்லாம் மனிசனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அடைக்கும். என்னவென்று டொக்டருக்கும் விளங்கவில்லை. இப்பதான் அவருக்கே விளங்கியது.

"எடாமல் விட்டால் வீண்தான்" என்றார்.

"நீங்கள் எடுங்கோ. வருசம் முடியுமட்டும் நான் பதில் கடமை பார்க்கிறன்."

"அது சரி வராது. என்ரை லீவை ஆர் அங்கீகரிக்கிறது?"

"நான்தான்."

"நீர் பதில் கடமைக்கு வரமுதல் அங்கீகரிக்கேலாது. நான் லீவிலை போகமுதல் நீர் பதில் கடமைக்கு வரவும் ஏலாது."

"அப்ப விடுங்கோ. கழிஞ்சு போகட்டும். சொதி விடட்டோ?"

"பொறும், பொறும். விசேட சந்தர்ப்பங்களிலை முதலிலை போயிட்டுப் பிறகும் அங்கீகாரம் எடுக்கலாம்."

அடுத்த நாள் காலை பொறுப்புக் கொடுக்கும் வைபவம் நடந்தது. மேசையைக் கொடுத்தார். மணியைக் கொடுத்தார். தம்ளரையும் மூடியையும் கொடுத்தார். கடைசியாக இருபக்கமும் பார்த்துவிட்டுக் கிட்ட வந்து, கடவுச்சொல்லைக் காதில் சொன்னார். அது அவருக்கு முதல் நியமனம் கிடைத்த திகதி. நாகேஸ்வரி, இவ்வளவு காலம் கூட இருந்தும் தனக்கு இது தட்டுப்படாமல் போனதே என்று தன்னைத்தான் நொந்துகொண்டா.

லீவில் போன நாகேந்திரத்தார் என்ன செய்தார்? முந்தி என்ன செய்தாரோ அதையேதான். பல்கனியில் இருந்து பேப்பர் பார்த்தார். ஆனால் இப்போது அது லீவு. முகத்தில் ஒரு தேஜஸ் வந்தது. லீவில் இருக்கிறவர் கந்தோருக்குள் வரக் கூடாது என்றபடியால் ஹோலுக்குள் கால் வைக்கமாட்டார். பின்படியால் ஏறிக் குசினிக்குள்ளால் வந்து போவார்.

போயா விடிந்தது. நாகேந்திரத்தார் கடற்கரை வீதிக்கு நடக்கப் போய்விட்டார். நாகேஸ்வரி தலைமுழுகி, விளக்கேற்றி, இங்கேயும் முப்பத்தொன்றுதானே என்று ஒரு பானை நிறையப் பாயாசம் வைத்துவிட்டு, மேசைக்குப் பின்னால் போய் இருந்தா. பதில் உத்தியோகத்தர் என்ற முறையில், சேவையின் தேவை கருதி, மோடத்தைப் போயா கடமைக்கு அழைத்தா. பொத்தானை அமத்தினா. பச்சை லைட் வந்தது. டெப்லெட்டில் மிதுனா வந்தாள்.

"அம்மா!"

"பிள்ளையைக் காட்டடி!"

மிதுனா பிள்ளையைத் தூக்கினாள். ஒரு கன்னம் தெரிந்தது. ஐயருடைய கையில் பாதி தெரிந்தது. அந்த இடத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது.

ஏன் தெரியுமோ? சித்திரைக்குப் பிறகு முதல் தரம் ஒரு போயா நாளில் லைன் வந்திருக்கிறது. மேலே இருந்த மாடியெல்லாம் ஒரேயடியாக முழித்துக்கொண்டது. ஒரு வீட்டில் படம், ஒரு வீட்டில் பாட்டு, ஒரு வீட்டில் பிள்ளைகள் சுடுகிற விளையாட்டு. ஸாலிஹ் ஹாஜியார் நாலு போனிலும் சரக்கு விலை பார்க்கிறார். அவருடைய பிரிட்ஜும் ஆவலோடு எதையோ இறக்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு பேரும் ஒரு குழாய்க்குள்ளால் போக, டொரொன்டோ ஐயருடைய கை எப்படி வரும்?

நாகேஸ்வரி மோடத்தின் பக்கத்தைப் பார்த்தா. ஆர் ஆர் லைனில் நிற்கிறார்கள் என்று வரிசையாகக் காட்டியது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். ஒரு கணம் யோசித்தா. இந்த மனிசரெல்லாம் தன்னைப் போலத்தானே காத்திருந்தவர்கள் என்று நினைத்திருப்பா. நினைத்துக்கொண்டே, "தவிர்க்க முடியாத காரணங்களினால்" என்று வாய்க்குள் சொல்லி, ஒவ்வொன்றாக அமத்தினா. படம் போனது. பாட்டு போனது. சுட்டவர்கள் சுட்டபடி நின்றார்கள். ஹாஜியாரும் போனார், கடைசியாகப் பிரிட்ஜும் போனது.

டெப்லெட் கண்ணாடி போலத் தெளிந்தது. பேத்தி கொட்டாவி விட்டாள். அப்படி ஒரு கொட்டாவி, பல்லில்லாத வாயெல்லாம் முரசு. ஐயர் தண்ணீர் தெளித்தார். பஞ்சாயுதம் கழுத்தில் ஏறியது. மிதுனா போனைப் பிள்ளையின் காதுக்குக் கிட்டப் பிடித்தாள். நாகேஸ்வரி பேரைச் சொன்னா. மூன்று தரம் சொல்ல வேண்டும். இரண்டாவது தரம் சொல்லமுதல் டெப்லெட்டை இன்னும் முகத்துக்குக் கிட்ட இழுத்தா. மூன்றாவது தரம் சொல்லி முடிய, பிள்ளை தலையைத் திருப்பிப் போனைப் பார்த்தாள். தன்னைத்தான் பார்த்தாள் என்று நாகேஸ்வரி இன்றைக்கும் சொல்லுவா. நாங்களும் ஓம் என்றுதான் சொல்லுகிறோம்.

எல்லாம் முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தால், வாசலில் வரிசை.

லைன் வந்து அறுந்தால் நாங்கள் என்ன செய்வோம்? சண்டை பிடிக்கமாட்டோம். இறங்கி வந்து ஒழுங்காக நிற்போம். காஸ் சிலிண்டருக்கு நின்றோம், பெற்றோலுக்கு நின்றோம், பால்மாவுக்கு நின்றோம், பாஸ்போட்டுக்கு இன்னும் நிற்கிறோம். காலுக்கு வரிசை பழகிவிட்டது. படிக்கட்டில் முதல் லுத்பியா, பிறகு ஹாஜியார், பிறகு மற்ற மாடிக்காரர். வரிசை கேற்றைத் தாண்டி ஒழுங்கைக்குப் போயிருந்தது. சந்தையால் வந்த சின்னராசா என்ற மனிசன் ஒருவரும் மரவள்ளிக்கிழங்குப் பையோடு கடைசியில் ஒட்டிக்கொண்டார்.

"என்ன குடுக்கினம்?"

"தெரியா அண்ணை. ஆனால் பின்னுக்கு நிண்டால் முடிஞ்சிடும் போலை கிடக்கு."

"அப்ப என்ரை பையையும் ஒராளாய்க் கணக்கெடுங்கோ."

அவருக்குப் பின்னால் நின்றவர் ஆர் என்று நினைக்கிறீர்கள்? நடந்துவிட்டு வந்த நாகேந்திரத்தார்தான். பேத்தியைப் பார்க்கிற ஆசை அவருக்கும் இருந்தது. ஆனால் வாழ்நாளில் வரிசையைக் குறுக்கறுத்த மனிசன் இல்லை அவர். அவரைக் கண்டதும் வரிசை தானாக விலகியது. விலகினால் போவது தப்பில்லை என்று முன்னுக்கு வந்தார்.

"நாகேஸ், பிள்ளையை ஒருக்கால் காட்டும்."

"உள்ளுக்கு வாங்கோ, காட்டுறன்" என்றா நாகேஸ்வரி. "ஆனால் லீவிலை இருக்கிற உத்தியோகத்தர் கந்தோருக்குள்ளை கால் வைச்சால் லீவு ரத்து. நீங்கள்தான் சொன்னனீங்கள்."

நாகேந்திரத்தார் வாசற்படியில் நின்றார். உள்ளே பேத்தி. வெளியே லீவு. காலைத் தூக்கினார், வைத்தார். பின்னால் நின்ற சனம் எட்டிப் பார்த்தது.

"லீவ வுட்டுடாதீங்க சேர்" என்றார் ஸாலிஹ் ஹாஜியார், உண்மையான கவலையோடு. "புள்ள எங்க போகப் போகுது?"

"அதுவும் சரிதான்" என்று நாகேந்திரத்தார் பெருமூச்சு விட்டார்.

நாகேஸ்வரி மனிசனைப் பார்த்தா. வரிசையைப் பார்த்தா. கேற்றுக்கு வெளியே இன்னும் ஆள் சேர்ந்துகொண்டிருந்தது. உள்ளே போய்ப் பாயாசப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தா. மணியை அடித்தா.

"ஒவ்வொராளாய் வாங்கோ."

வந்தார்கள். ஆளுக்கொரு பேப்பர் கப் வாங்கினார்கள். குடித்தார்கள். ஹாஜியார் நன்றாக இருக்கிறது என்றார். நாகேந்திரத்தார் வாசலுக்கு வெளியே நின்றபடி கையை நீட்டி வாங்கிக் குடித்துவிட்டுப் பின்படியால் பல்கனிக்குப் போனார். சின்னராசா பைக்கும் ஒன்று கேட்டு வாங்கினார். காத்து நின்றார்கள், முறை வந்தது, கையில் ஏதோ கிடைத்தது. அதற்குமேல் ஒரு சனம் எதைக் கேட்கும்? முகம் மலர்ந்து எல்லாரும் படியேறிப் போய்விட்டார்கள்.

லுத்பியா மட்டும் போகவில்லை. கப்பின் அடியை விரலால் வழித்துக்கொண்டு நின்றா.

"அன்ட்டி, பாயாசம் நல்லா ஈக்கி. ஆனா நாங்க லைனுக்குத்தானே வந்த?"

"ஓராளுக்கு ஒண்டுதான் பிள்ளை."

"அன்ட்டி! அந்த லீவுக் கதைய ஒங்களுக்குச் சென்னதே நான்தானே!"

"ஓம் பிள்ளை. அதுதானே உங்கடை கப்புக்குள்ளை கஜுப் பருப்பு கூடப் போட்டனான்" என்று சொல்லி, நாகேஸ்வரி பலகையைச் 'சேவை முடிந்தது' என்ற பக்கத்துக்குத் திருப்பிவிட்டு, மெல்லக் கதவைச் சாத்தினா.